ஆர்விட் சொன்ன இடங்கள்

ஆர்விட் டுவோமினென் மானைப் பற்றிச் சொன்ன பொய்கள் எல்லாம் அடுத்த சனிக்கிழமைக்குள் உண்மையாகிவிடும். வடக்கு விஸ்கான்சினில் அவருடைய ஊர்க்காரர்கள் இதை நவம்பர் பனியைப் போலத்தான் எடுத்துக்கொண்டார்கள். பொதுக்காட்டில் வேட்டையாடுகிறவன் தன் இடத்தை உள்ளபடி சொன்னால், மறுநாள் அங்கே மானைவிட வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைகள்தான் அதிகம் திரியும். ஆகவே கேட்டவனைத் தப்பான திசையில் அனுப்பிவைப்பது அங்கே ஒரு மரியாதை. முதல் வருஷம் தங்கையின் கணவர் லீராய் பிகாலெக் கேட்டபோது, ஆர்விட் குப்பைமேட்டுக்குப் பின்னாலிருக்கும் சதுப்பைக் கைகாட்டினார். அங்கே யாரோ எறிந்துவிட்டுப் போன கருகிய மெத்தை ஒன்றைத் தவிர எதுவும் கிடையாது. சீஸ் ஆலையில் வேலை பார்த்த லீராய், வாழ்நாளில் பொய்யே சொல்லாதவர் என்பதால், அடுத்தவர் சொல்வதையும் அப்படியே நம்பிப் போனார். மெத்தைமேல் பத்துக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் படுத்திருந்தது. மறுவருஷம் ஆர்விட், ஏரி நடுவில் இருக்கும் தீவு என்றார். அந்த ஏரியில் தீவு கிடையாது. சனிக்கிழமை காலையில் இருந்தது, மூன்று மான்களோடு. காட்டிலாகா ஊழியர் முணுமுணுக்காமல் வரைபடத்தைத் திருத்திவிட்டு, பழைய படங்களை அடுப்பு மூட்டக் கொடுத்தார்.

இப்படிப் பத்தொன்பது வருஷம். ஊரே ஆர்விட்டை உத்தமர் என்றது. மதுக்கடையின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவருடைய பிராந்திக்கு அவரைக் காசு கொடுக்க யாரும் விட்டதில்லை. அவரோ வாசனையில்லாத சோப்பில் சட்டை துவைத்து, காட்டு வாசம் ஏற ஊசியிலை மரக் கிளைகளோடு பெட்டியில் பூட்டி, ஆகஸ்டிலிருந்தே கொம்பு உரசிய மரங்களைக் குறித்து, மரத்துக்கு மரம் கேமரா கட்டி, மரத்தில் மாட்டி உட்காரும் பரணை முதுகில் சுமந்து மூன்று மைல் உள்ளே நடந்து, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஏறி உட்கார்ந்தார். கணக்கெல்லாம் சரி, மான்தான் வரவில்லை. அவை எல்லாம் அவர் பொய் சொன்ன இடங்களுக்குக் குடிபெயர்ந்திருந்தன. கண்ணாடி முன் நின்று தனக்கே பொய் சொல்லிப் பார்த்தார். இந்த ஆளைப் பற்றி நன்றாகத் தெரிந்ததால் நம்ப முடியவில்லை. முதல் வருஷமே கொம்பு மாட்டுவதற்காகச் சுவரில் அடித்த ஆணியில் தொப்பிதான் தொங்கியது. இந்த வருஷம் டாக்டர் இடுப்பெலும்பை மாற்ற டிசம்பரில் தேதி குறித்திருந்தார். அதற்குப் பிறகு மரமேறுவது, அணில்களுக்கே விட்டுவிட வேண்டிய வேலை.

ஒன்பது நாள் வேட்டையின் கடைசி நாள் மதியம், ஏற முடியாமல் மரத்தடியில் பரணை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத் தேடி லீராய் வந்தார். அந்த இடம் ரகசியம் என்று நினைத்திருந்தவர் ஆர்விட் ஒருவர்தான்.

“உனக்கு எப்படிய்யா தெரியும் இந்த இடம்?”

“நீ எனக்குச் சொல்லாத ஒரே இடம் இதுதான் மச்சான். வேற எங்க இருப்ப?”

லீராய் தன் மானில் செய்த சாசேஜை நீட்டினார். ஆர்விட் வாங்கவில்லை. இத்தனை வருஷமும் சொன்னதெல்லாம் பொய் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

“மெத்தையப் பாத்த அன்னிக்கே தெரியும். மச்சான் சொல்லிட்டானேன்னு போயிட்டிருந்தேன்,” என்றார் லீராய். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு அவருடைய காது இரண்டும் சிவந்தன. “வண்டி நிறுத்துற எடத்துல, கக்கூசுக்குப் பின்னால, பன்னெண்டு கிளையோட ஒண்ணு நிக்குது. வரும்போது பாத்தேன்.”

அறுபத்தொரு வயதில் அது அவருடைய முதல் பொய். ஆர்விட் அந்தக் காதுகளைப் பார்த்தார். பொய் என்று புரிந்தது. புரிந்தும், இவ்வளவு சிரமப்பட்டு ஒருத்தர் சொன்னதை நம்பாமலிருக்க மனம் வரவில்லை.

மூன்று மைல் நடக்க இரண்டரை மணி நேரம் ஆனது; பரணை லீராய் சுமந்தார். கக்கூசுக்குப் பின்னால் கலைமான் நின்றுகொண்டிருந்தது, வெகுநேரம் காத்திருந்த சலிப்போடு. சாலையருகே சுடக் கூடாது என்பதால், சட்டம் சொல்கிற தூரத்துக்கு அதுவே நடந்துபோய் பக்கவாட்டில் திரும்பி நின்றது. ஆர்விட் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே குண்டில் முடித்தார்.

எங்கே கிடைத்தது என்று மதுக்கடையில் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னார். அடுத்த நவம்பரில் விடிவதற்குள் அந்தக் கக்கூசைச் சுற்றிப் பதினாறு வண்டிகள் நின்றன. ஆர்விட் சொன்னது உண்மை என்பதால் ஒரு மான்கூட வரவில்லை. லீராய் தன் பொய்க்காகப் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டார். எந்தக் கக்கூஸ் என்று பாதிரியார் விசாரித்தார்.

தொப்பி இப்போது கொம்பில் தொங்குகிறது. புது இடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆர்விட்டிடம், வேட்டை தொடங்கும் சனிக்கிழமைக்கு முன்தினம் லீராய் வந்து, இந்த வருஷம் எங்கே போகட்டும் என்று கேட்பார். ஆர்விட் நெடுநேரம் யோசித்து, இருப்பதிலேயே அழகான பொய்யாகப் பார்த்து ஒன்றைச் சொல்வார். லீராய் சரி மச்சான் என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.