திராட்சைக் குடத்தில் வந்த பால்

போடி கடைவீதியில் மிட்டாய்க்கடை வைத்திருந்த கர்ணன் வீட்டிலிருந்து எனக்குப் பூ வைக்க வந்த அன்று, எங்கள் வீட்டுப் பால் திரிந்துபோனது. வருஷம் எழுபத்து நாலு. பூ வைக்க வருகிறவர்களுக்குப் பெண் வீட்டில் பால்கோவா கிண்டிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கென்று பால் திரிந்தால், சகுனம் சரியில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். எனக்கோ பையன் சுருளிவேலை ரொம்பப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்தபோது என்னைவிட அதிகம் வெட்கப்பட்டவர் அவர்தான்.

காரியத்தைக் கெடுத்தது என் அருமை அப்பா. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த அவருக்கு எல்லாக் குடமும் ஒன்றுதான். உதிர்ந்த பழத்தை மாட்டுக்கு அள்ளி வரும் குடத்திலேயே பாலையும் வாங்கி வந்துவிட்டார். கொதி வந்ததும் பால் கட்டி கட்டியாகப் பிரிந்தது. உள்ளே நசுங்கிய பழம் மிதந்ததைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு நாளாச்சும் கொடத்துக்குள்ள எட்டிப் பாத்திருக்கீகளா?"

வேறு பாலுக்கு நேரமில்லை. எனக்கு வந்ததே கோபம்! தோலையும் விதையையும் அரித்தெடுத்துவிட்டு, சீனியும் ஏலக்காயும் கொட்டி, அடுப்போடு சண்டை போடுகிறவள்போலக் கிண்டினேன். மணல் மணலாக, ரோஸ் நிறத்தில் என்னவோ ஒன்று வந்தது.

கர்ணன் மாமா ஒரு வாய் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"இது பால்கோவா இல்லையே, ஆத்தா பவுனு?"

மிட்டாய்க்கடைக்காரரிடம் மறைக்க முடியுமா? அம்மா கண்ணைக் காட்டியும் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"பால் திரிஞ்சுபோச்சு மாமா. கொட்ட மனசு வரல."

அவர் மனைவி சங்கிலியம்மாள் பூத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா பால் திரிஞ்சா வெளங்குமா? எந்திரிங்க, போவோம்."

மாமாவோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உக்காரு. நம்ம கடையில கலாகந்து எப்படி வருது? நானே தெனமும் படிகாரம் போட்டுப் பாலத் திரிய வச்சுத்தான கிண்டுறேன்! வடக்க இருந்து வந்த மாஸ்டரு சொன்னாக, அவுக ஊர்ல யாரோ திரிஞ்ச பாலக் கொட்ட மனசில்லாமக் கிண்டுனதுதான் இந்த மிட்டாயேன்னு. பால் திரியுறது ஆகாதுன்னா நம்ம வீட்டுல ஒல கொதிக்குமா?"

அத்தை ஒரு விள்ளல் வாயில் போட்டார். இன்னொரு விள்ளல். பிறகு பூவை அவரே என் தலையில் வைத்தார். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுருளிவேல் மட்டும் குனிந்த தலை நிமிராமல் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.

கிளம்பும்போது அப்பா, "சீரு என்னென்ன வேணும்னு சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கு முதல்முறையாகச் சுருளிவேல் வாயைத் திறந்தார்.

"அந்தக் கொடத்தக் குடுங்க மாமா. கழுவிராதீக."