வெள்ளிக்கிழமையே கிளம்பிய பெட்டி

எனக்கும் திலகாவுக்கும் ஒரே மகள்தான். செடிகள்தாம் ஏராளம். பெற்ற பிள்ளையைவிடச் செடிகளைத்தான் அவள் அதிகம் சீராட்டினாள் என்று நான் வாய்விட்டுச் சொன்னால் அன்றைக்கு ரசத்தில் உப்பு இருக்காது. அதனால் வீட்டில் சொல்வதில்லை. இங்கே சொல்கிறேன்.

கோலா சிலாங்கூருக்கு வெளியே, புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு குடியிருப்புத் தாமானில் எங்களுடையது வரிசை வீடு. வாசலில் ஒரு பிடி மண் கிடையாது, அத்தனையும் சிமெண்டு. கார் நிறுத்தக் கட்டிய இடம் அது. ஆனால் என் பழைய கார் தெருவில் நின்று வெயிலில் வெளுத்துப்போய்விட்டது. உள்ளே மீன் சந்தையில் கிடைத்த வெள்ளை ஐஸ் பெட்டிகளில் கீரை, பெயிண்ட் வாளிகளில் கத்தரி, பக்கத்து வீட்டு ஹலீமா தன் சாப்பாட்டுக் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த எண்ணெய் டின்களில் மிளகாய், கெட்டுப்போன வாஷிங் மெஷினின் தொட்டியில் மல்லிகை. மூலையில் நீலப் பீப்பாயில் கறிவேப்பிலை மரம். முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன் நான். அந்த லோரியைக்கூட இவ்வளவு நெருக்கமாக யாரும் அடுக்கியதில்லை.

மகள் தனேஸ்வரி ஆசிரியை. கடலுக்கு அந்தப் பக்கம், சபாவில் தாவாவுக்குப் போஸ்டிங் கிடைத்துப் போனவள், அங்கேயே வேலை பார்த்த ஷர்வினைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள். நல்ல பையன். அவர்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச எங்களைக் கூப்பிட்டார்கள். டிக்கெட் எடுத்து, பெட்டியைக் காரில் ஏற்றி, கேட்டைத் தாண்டியபிறகு திலகாவுக்குத் தக்காளிக்குக் குச்சி கட்டவில்லை என்று ஞாபகம் வந்தது. இறங்கி உள்ளே போனாள். குச்சி கட்டிவிட்டு வெளியே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கிளம்புன காலு வீட்டுக்குள்ள திரும்பிருச்சுங்க. இனிமே போனா நல்லதில்ல."

அவ்வளவுதான். பயணம் நின்றது. அடுத்த தீபாவளிக்கும் அதே கூத்து. அந்தத் தடவை மல்லிகையில் பூச்சி. நாங்கள் வரமாட்டோம் என்று போன் செய்து சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை தாவாவ் விமான நிலையத்தில் மாப்பிள்ளையோடு நின்று, கடைசி ஆள் வெளியே வரும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள்.

இந்த ஜூலையில் தனேஸ்வரிக்கு ஏழு மாதம். டாக்டர் விமானம் ஏறக்கூடாது, படுக்கையைவிட்டு அதிகம் எழுந்திருக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு அவள் வர வழியில்லை, அம்மாதான் போகவேண்டும். அவள் எனக்குப் போன் செய்தாள், அம்மாவுக்குச் செய்யவில்லை.

"அப்பா, டிக்கெட் எடுங்க. ஆனா இந்தத் தடவையும் வரலைன்னா நான் இனிமே கூப்பிட மாட்டேன்பா. கோபமெல்லாம் இல்ல. கூப்பிட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்க முடியல."

கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளை அமைதியாகச் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தேன். திலகா மறுப்பு சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு துணிமணி எடுத்து வைத்தாள். பத்திய மருந்துச் சாமான் எல்லாம் வறுத்துப் பொடித்தாள். புதன்கிழமை நாள்காட்டியைப் புரட்டியவள், "சனிக்கிழமை நாம வீட்டைவிட்டு இறங்குற நேரம் ராகு காலம்லா" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. இது முதல் அடி. இதற்குப் பின்னால் தக்காளி வரும், மல்லிகை வரும், விமானம் எங்களை விட்டுவிட்டுப் பறக்கும். இந்த வெயிலில் இத்தனை செடிக்கும் யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருந்தாள். ஹலீமா ஊற்றுகிறேன் என்றதற்கு, "அவ செடிக்கு ஊத்த மாட்டா, மாட்டைக் குளிப்பாட்டுவா" என்று பதில்.

அப்போதுதான் எனக்குப் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. பயணம் போகிற நாளில் நேரம் சரியில்லையென்றால், முதல்நாளே நல்ல நேரத்தில் பெட்டியை எடுத்துப்போய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பெட்டி கிளம்பினால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் ஊருக்குப் போனாலும் தோஷமில்லை. நான் வளர்ந்த எஸ்டேட்டில் எல்லோரும் செய்ததுதான். திலகாவிடம் சொன்னேன். முகம் தெளிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து, சாமி கும்பிட்டு, பெட்டியை அவளே தூக்கிப்போய் ஹலீமா வீட்டு வரவேற்பறையில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பியவளை நான் அந்த வீட்டு வாசலிலேயே மறித்தேன்.

"எங்கே போறே?"

"வீட்டுக்கு. செடியெல்லாம் இன்னும் ஒழுங்கு பண்ணல."

"நீதான் கிளம்பிட்டியே. கிளம்புன காலு வீட்டுக்குள்ள திரும்பலாமா? எங்க கிராணி வீட்டம்மா பெட்டி வெச்ச பிறகு சொந்த வாசலை மிதிச்சதே இல்ல. ராத்திரிகூட பெட்டி இருக்குற வீட்டுலதான் படுக்கும்."

எங்கள் எஸ்டேட் குமாஸ்தாவான அந்தக் கிராணியின் வீட்டம்மா அப்படியெல்லாம் செய்ததில்லை. அந்த அம்மாள் பெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மீன் வறுத்துச் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மகளுக்காகப் பொய் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசவில்லை. ஹலீமா கெட்டிக்காரி. ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தாள், விஷயம் புரிந்துவிட்டது.

"ஆமாக்கா, நாங்களும் கேள்விப்பட்டிருக்கோம். இங்கேயே இருங்க. நான் இன்னிக்குக் கடைக்கு மத்தியானம்தான் போறேன்."

திலகா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஹலீமாவின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த இடுப்பளவுக் கம்பி வேலியோரம் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, நான் வரல. நீங்க செய்ங்க. நான் சொல்றேன்."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஆட்களை வேலை வாங்கும் எஸ்டேட் மண்டோர்கூட என்னை அப்படி விரட்டியதில்லை. முதலில் காய் பறிக்கச் சொன்னாள். பழுத்தது, பழுக்காதது, பிஞ்சு, எல்லாவற்றையும். காய் இருந்தால் செடி அதற்குத்தான் தண்ணீரை இழுக்குமாம். நான் பிஞ்சு மிளகாயைப் பாவம் பார்த்து விட்டேன்.

"அதுக்கு என்னா, சாங்கியம் பார்த்தா பறிக்கணும்? பறிங்கலா!"

பிறகு கத்தரியின் நுனியைக் கிள்ளச் சொன்னாள். கிள்ளினேன். "கிள்ளச் சொன்னா மொட்டையடிக்கிறீங்களே" என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிரப்பலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். ஏடிஸ் கொசு சோதனைக்காரர்கள் வந்து நோட்டீஸ் ஒட்டினால் யார் பதில் சொல்வது என்று ஒரு கத்து. தட்டு வேண்டாமாம். மூடி போட்ட வாளியில் தண்ணீர் வைத்து, மூடியில் துளை போட்டு, பழைய பனியன் துணியைத் திரியாக முறுக்கி, ஒரு முனையை வாளிக்குள்ளும் மறுமுனையைத் தொட்டி மண்ணுக்குள்ளும் விடவேண்டும். செடி தனக்குத் தேவையானதைத் துணிவழியே உறிஞ்சிக்கொள்ளும். அது நல்ல வேலைதான். ஆனால் கிழித்தது என் நல்ல பனியன் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் ஒரு ஐஸ் பெட்டியை நிழலுக்கு இழுத்தபோது அது பிளந்து, கீரையும் மண்ணும் என் காலில் கொட்டின. ஹலீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திலகா சிரிக்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஒரே ஒரு நிமிடம் உள்ளே வந்து சரிசெய்துவிட்டுப் போகிறேன் என்று அவள் கேட்டிருந்தால் எனக்கு மறுக்கத் தெம்பு இருந்திருக்காது. அவளை அப்படி வேலிக்கு வெளியே நிறுத்தியது எனக்கே பொறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இரண்டு தடவை மகளைத் தோற்றோம். குனிந்து மண்ணை அள்ளினேன்.

ஹலீமாதான் வழி சொன்னாள்.

"திலகாக்கா, நீங்க அங்கே போகக்கூடாது. சரி. செடி இங்கே வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே? எங்க வீட்டு முன்னாடி கூரை இருக்கு, நல்ல நிழல். அண்ணே, ஒண்ணொண்ணா தூக்கிக் குடுங்க. செடிக்கும் இன்னிக்கு நல்ல நேரம்தான்."

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை என் இடுப்பைக் கேட்டால் சொல்லும். வாளி, டின், பெட்டி என்று ஒவ்வொன்றாக வேலிக்கு மேல் தூக்கிக் கொடுக்க, அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் வாங்கி இறக்கினார்கள். திலகாவுக்கு உயிர் வந்துவிட்டது. ஒட்டி ஒட்டி அடுக்கினாள், தேங்காய் மட்டையைப் பிய்த்து மண்ணை மூடினாள், நான் மொட்டையடித்த கத்தரிக்குச் சமாதானம் சொன்னாள். ஹலீமாவின் கையைப் பிடித்து மண்ணுக்குள் விரலை நுழைத்து, "இந்த அளவுக்கு ஈரம் இருந்தா ஊத்தாதே" என்று காட்டினாள். மாட்டைக் குளிப்பாட்டுகிறவளுக்கே பாடம் நடந்தது. ஹலீமாவும் பொறுமையாக விரலை விட்டு விட்டுப் பார்த்து, "இன்ஷா அல்லாஹ், ஒண்ணுகூட சாகாதுக்கா" என்றாள். பறித்த காயெல்லாம் ஹலீமா கடைக்குப் போனது.

கறிவேப்பிலைப் பீப்பாய் மட்டும் அசையவில்லை. நானும் தள்ளிப்பார்த்தேன், முடியாது. அதற்குப் பெரிய வாளியாக வைத்து மூன்று திரி விட்டேன். திலகா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று இரவு அவள் ஹலீமா வீட்டில்தான் படுத்தாள்.

சனிக்கிழமை காலை ராகு காலத்தில், கொஞ்சமும் பயமில்லாமல், பெட்டியைக் காரில் ஏற்றினேன். திலகா ஹலீமாவைக் கட்டிக்கொண்டு விடைபெற்று, காரை நோக்கி வந்தாள். எங்கள் கேட்டுக்கு நேராக வந்ததும் நின்றாள். கறிவேப்பிலை கண்ணுக்கு நேராக நின்றது. ஒரு கிளை வெயிலில் வாடித் தொங்கியது. அவள் கை கேட்டின் தாழ்ப்பாளுக்குப் போனது. நான் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றேன். ஹலீமாவும் வாசலில் அப்படியே நின்றாள்.

திலகா தாழ்ப்பாளை இறுக்கித் தள்ளினாள்.

"கேட்டைக்கூட ஒழுங்கா சாத்தத் தெரியல உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, காரில் ஏறி முன்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

விமானம் கடலுக்கு மேலே போனபிறகுதான் நான் நிம்மதியாகக் கண்ணை மூடினேன். உடனே விலாவில் ஒரு இடி.

"கிராணி வீட்டம்மா கதையை யாருகிட்ட விடுறீங்க? எங்கப்பாவுக்குப் பத்தாங் காலி எஸ்டேட்டுக்கு மாத்தலானப்போ, பெட்டியைத்தான் மண்டோர் வீட்டுல வெச்சோம். நாங்க எல்லாரும் எங்க லயத்து வீட்டுலதான் சாப்புட்டுத் தூங்குனோம். பெட்டி வெச்சா ஆளு வீட்டுக்குள்ள போகலாம்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

என் முகத்தில் அசடு வழிந்தது. "பின்னே ஏன் உள்ளே வரல? அந்த வேலியைப் புடிச்சுக்கிட்டு அழுதியே!"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னால என்னையே நிறுத்திக்க முடியாதுங்க. அந்த ரெண்டு தடவையும் போகக்கூடாதுன்னா உள்ளே போனேன்? காலு தானா போச்சு. அவ அங்கே எல்லாம் தானா செஞ்சுக்குறா, நான் போயி என்னா பண்ணப்போறேன்னு ஒரு பயம். செடிக்குன்னா நான் வேணும்ல. நீங்க பொய் சொன்னீங்க. யாராச்சும் புடிச்சு நிறுத்துனா தேவலைன்னு இருந்துச்சு. அதையே கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். நகத்துக்குள் இன்னும் மண் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் சொன்ன பொய்களிலேயே இது ஒன்றுதான் உருப்படியானது என்று நினைத்துக்கொண்டேன்.

தாவாவ் விமான நிலையத்தில் எங்களுக்காக யாரும் வரவில்லை. எல்லோரும் போனபிறகும் கொஞ்ச நேரம் நின்றோம். மாப்பிள்ளைக்கு விமான நேரம் அனுப்பியிருந்தேன், அவர் சரி என்று பதிலும் போட்டிருந்தார். திலகா வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்து நின்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாடகைக் கார் பிடித்து வீட்டு விலாசத்தைக் காட்டினோம்.

கதவைத் திறந்த ஷர்வின் கையில் கரண்டியோடு விழித்தார். "மாமா! நான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினேன். தனேஸ்தான் வேணாம்னு சொல்லிட்டா. சும்மா போயி நிக்காதீங்க, வரமாட்டாங்கன்னு..."

உள்ளே சோபாவில் வயிற்றைத் தாங்கிப் படுத்திருந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவையே பார்த்தாள். வாய் கோணியது.

"ரெண்டு பேருக்குத்தான்மா சோறு வெச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள்.

திலகா ஓடிப்போய் அவள் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நானும் மாப்பிள்ளையும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு திலகா முந்தானையால் மகள் முகத்தைத் துடைத்தாள், அதே முந்தானையை இடுப்பில் செருகினாள், ஷர்வின் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள்.

"அரிசி எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.