கோணல் நட்சத்திரம்

சவப்பெட்டிக்குள் குனிந்து நின்று அப்பாவின் வலது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் வெர்னா. முகத்துக்குப் போடும் கிரீமைத் துணியில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க, கையில் அப்பியிருந்த தோல் நிறப் பூச்சு அழுக்குப் போலத் திரண்டு வந்தது. அதற்கடியிலிருந்து முதலில் ஒரு நங்கூரத்தின் கொக்கி தெரிந்தது. பிறகு ஒரு பாம்பின் வால். பிறகு விரல் முட்டிகளில் பச்சை குத்தி நீலம் பாய்ந்த எழுத்துகள்.

சவ அடக்க நிலையம் நடத்தும் புரூயிட் கதவோரம் நின்று தொண்டையைச் செருமினார். சர்ச்சிலிருந்து ஆட்கள் வருவார்கள், கைகள் பார்க்க மரியாதையாக இருக்கட்டும் என்று அவளுடைய அத்தை மாட்தான் சொன்னதாக இழுத்தார். கையுறைகூட அத்தை வாங்கி வந்திருக்கிறாராம்.

"இந்தக் கையாலதான் எங்களை வளர்த்தாரு," என்றாள் வெர்னா, நிமிராமல். "இதுல எது உங்களுக்கு மரியாதைக் குறைச்சலா தெரியுது?"

புரூயிட் இன்னொரு துணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அவளுக்கு முந்தாநாளிலிருந்தே இப்படித்தான் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் சுள்ளென்று ஏறியது. மலர்வளையத்தில் ஹார்லன் என்ற அப்பாவின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று பூக்கடைக்காரியிடம் கத்தினாள். நாலு மாதம் அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்கை மாற்றியபோது வராத அழுகை இப்போதும் வரவில்லை. கோபம் மட்டும் வந்தபடி இருந்தது.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். கப்பல் கட்டும் தளத்தில் அப்பாவோடு பெயின்ட் அடித்தவர்கள் வந்து, தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டுப் போனார்கள். அத்தை மாட் தன் சர்ச் தோழிகளோடு முன்வரிசையில் உட்கார்ந்து, பெட்டியில் தெரிந்த கைகளைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பதினொரு மணி வாக்கில் ஆஸ்கர் நைபெர்க் வந்தார். பால்டிமோரில் இன்னும் பச்சை குத்தும் கடை வைத்திருப்பவர். கதவை அடைக்கும் உடம்பு, காது மந்தம், அதனால் எப்போதும் கத்திப் பேச்சு. நேராகப் பெட்டியருகே போய் எட்டிப் பார்த்தார்.

"இவன் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு நான் பார்த்ததே இல்ல," என்றார்.

வெர்னாவுக்கு அது புரியவில்லை. வீட்டில் அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். உப்பு எடு, விளக்கை அணை, மழை வரும். அவ்வளவுதான். எந்த ஹார்லனைச் சொல்கிறார் இந்த மனிதர் என்று நினைத்தபோதுதான் அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். ஒல்லியாக, காலர் பெரிதாகிப்போன கழுத்தோடு, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு.

எம்மெட் ஸ்கேக்ஸ்.

இருபத்தொரு வருடம் ஆகியிருந்தது அந்த முகத்தைப் பார்த்து.

ஒரு காலத்தில் எம்மெட் மாமா என்றுதான் கூப்பிடுவாள். வாட்டர் தெருவில் அப்பாவும் அவரும் சேர்ந்து பச்சை குத்தும் கடை வைத்திருந்தார்கள். வாசல் மணியின் கம்பிச்சுருளைக் கழற்றி அவர்களே செய்துகொண்ட இரண்டு இயந்திரங்கள். எம்மெட் கோடு போடுவார், அப்பா நிழலும் நிறமும் ஏற்றுவார். கடற்படையில் சம்பளம் போடும் நாளில் மாலுமிகளின் வரிசை முடிதிருத்தும் கடையையும் தாண்டி நிற்கும். கப்பல் மூழ்கினாலும் ஆள் மூழ்கமாட்டான் என்று நம்பி ஒரு பாதத்தில் பன்றியும் மறு பாதத்தில் சேவலும் கேட்டு வருவார்கள். கூட்டமில்லாத நாளில் இருவரும் ஒருவர் முதுகில் மற்றவர் குத்திப் பழகுவார்கள். அவளுடைய ஸ்கேட்டிங் சக்கரம் கழன்றபோது வந்த வாடிக்கையாளனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அதைப் பூட்டித் தந்தவர் எம்மெட்.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது அது எல்லாம் முடிந்தது. கடையில் பச்சை குத்திக்கொண்ட ஒரு மாலுமி மஞ்சள் காமாலை கண்டு செத்துப்போனான். நகரசபை விசாரித்தது. எம்மெட் போய், ஹார்லனின் ஊசிகள் சுத்தமாக இல்லை என்று எல்லோர் முன்பும் சொன்னார். ஊரில் இருந்த கடைகள் அத்தனையையும் மூடச் சொல்லிவிட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை, கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார். அம்மா இடா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கப் போனாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பாவி பொய் சொன்னான் என்பாள் அம்மா. சலவைச் சோடாவில் வெந்த விரல்களில் வெண்ணெய் தடவி ஊதிக்கொண்டே சொல்வாள். அந்தப் பெயரைச் சொல்ல நேர்ந்தால் எழுந்துபோய் வாய் கொப்பளிப்பாள். பதினெட்டு வருடம் அப்படி இருந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன் செத்தாள்.

வெர்னா எழுந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"போயிடுங்க, மிஸ்டர் ஸ்கேக்ஸ்."

"ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன், வெர்னா."

"அந்த முகத்தைப் பார்க்க உங்களுக்கு என்ன தகுதி இருக்கு? நீங்க சொன்ன ஒரு பொய்க்கு எங்கம்மா சாகிறவரைக்கும் ஆஸ்பத்திரித் துணி வெளுத்தாங்க. அவங்க கையைப் பார்த்திருக்கீங்களா நீங்க?"

எம்மெட் தொப்பியைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். போகவில்லை. அது அவளை இன்னும் கொளுத்தியது. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னாள். கோழை என்றாள், கூட இருந்தே குழி பறித்தவர் என்றாள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலை கவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்கர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு குனிந்தார். "பொய்யா? யார் சொன்ன பொய்யாம்?"

"ஆஸ்கர், வாயை மூடு," என்றார் எம்மெட்.

"மாட்டேன். இருபது வருஷமா நீ மூடினது போதும். அவன் இனிமே பேசப்போறதில்ல."

ஆஸ்கர் கத்தித்தான் சொன்னார். கூடத்திலிருந்த எல்லோருக்கும் கேட்டது. செத்த மாலுமியின் பெயர் கால்வின் டெட்மர். பத்தொன்பது வயது, நெப்ராஸ்காவிலிருந்து வந்தவன். ஹார்லன் அப்போது மூன்று நாளாகக் குடித்துக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தான். ஒரே ஊசி, ஒரே வாளித் தண்ணீர், வந்தவனுக்கெல்லாம் ஒரே பஞ்சு. கடையைச் சாத்தலாம் என்று எம்மெட் கெஞ்சியிருக்கிறான். ஹார்லன் கேட்கவில்லை. பையன் கையில் ஒரு நட்சத்திரம் கேட்டான், ஹார்லன் குத்திவிட்டான். இன்னும் மூன்று பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் எம்மெட் போய்ச் சொன்னான். சொன்னதில் அவன் கடையும் போயிற்று.

"பொய்," என்றாள் வெர்னா. "எங்கப்பா இவரை மன்னிக்கவே இல்ல. பேர்கூடச் சொன்னதில்ல."

ஆஸ்கர் எம்மெட்டின் இடது கையைப் பிடித்து, கோட்டையும் சட்டையையும் சேர்த்து முழங்கைக்கு மேல் ஏற்றினார். எம்மெட் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நட்சத்திரங்கள். சுண்டுவிரல் நகமளவு, ஒன்றின் கீழ் ஒன்றாக. வருடத்துக்கு ஒன்று, இருபத்தொன்று என்றார் ஆஸ்கர். ஒவ்வொரு அக்டோபரிலும், அந்தப் பையன் செத்த நாளில், ஆஸ்கருடைய கடையின் பின்னறையில் ஹார்லன் குத்தியது.

மேலே இருந்தவை அளவுகோல் வைத்து வரைந்தவைபோல இருந்தன. கீழே வர வர, முனைகள் தடித்தன. மணிக்கட்டருகே கடைசியாக இருந்தது கோணலாக இருந்தது. ஒரு கோடு முனையைத் தாண்டி ஓடியிருந்தது. இன்னொன்று சேராமலே நின்றிருந்தது. இரண்டு இடத்தில் ஊசி துள்ளிய புள்ளிகள்.

அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். போன இலையுதிர் காலத்தில்தான் அப்பாவால் சூப்புக் கரண்டியை வாய்வரை கொண்டுபோக முடியாமல் போனது. மேஜைவிரிப்பில் விழும் சொட்டுகளை அவர் பார்க்காத நேரத்தில் துடைப்பாள். அந்தக் கையோடு பேருந்து ஏறிப் பால்டிமோர் போயிருக்கிறார்.

அக்டோபர் தோறும் மூன்று நாள். நைபெர்க்கைப் பார்க்கப் போகிறேன் என்பார். அம்மா விடியற்காலையில் எழுந்து, வழியில் சாப்பிட ரொட்டி கட்டித் தருவாள்.

"அம்மா கட்டின ரொட்டி," என்றாள் வெர்னா. குரல் இறங்கிப்போயிருந்தது.

எம்மெட் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "ரெண்டு பக்கமும் கடுகு தடவியிருப்பாங்க," என்றார். "பாதிய எனக்குத் தருவான்."

"தின்னீங்களா?"

"தின்னேன்."

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் கை அவரைப் பார்த்து எழவில்லை. எங்கே எழ வேண்டும் என்று அதற்கே தெரியாததுபோல் விறைத்துத் தொங்கியது.

"ஏன் எங்ககிட்ட சொல்லல அவரு?"

எம்மெட் பெட்டிப் பக்கம் திரும்பினார். "வருஷா வருஷம் 'ஊருக்குப் போனதும் இடாகிட்ட சொல்லிடறேன்'ம்பான். சொன்னா, வெறுக்கறதுக்கு ஆள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நான் வெளியில இருந்தேன். அது அவனுக்குச் சௌகரியமாப் போச்சு."

"உங்களுக்கு?"

"நான்தான் ஊரை விட்டே போயிட்டேனே. வெறுத்துட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். அது தப்புன்னு இடா செத்தப்ப தோணிச்சு. அப்பவும் வரலை."

சமாதானமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவள் மேலும் கத்தியிருப்பாள். அவர் சொல்லவில்லை. அவள் விலகி வழி விட்டாள். எம்மெட் பெட்டியருகே போனார், குனிந்து எதையும் தொடாமல் பார்த்தார், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக. பிறகு பின்வரிசைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

வெர்னா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சவரம் செய்து, பவுடர் போட்டு, யாரோ நல்ல மனிதரைப்போல் கிடந்தார். அம்மாவின் கடைசி நாளில், கட்டிலருகே இதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அன்றும் அம்மா அந்தப் பாவியைத் திட்டினாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார். வெர்னா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாலு மாசம் இருந்துச்சுப்பா," என்றாள் மெல்ல. "உங்களைக் கழுவித் துடைச்சிக்கிட்டுத்தானே இருந்தேன். நாலு மாசம்."

பெட்டியின் விளிம்பில் முஷ்டியால் ஒரு குத்து விட்டாள். மரம் அதிர்ந்து, மார்பின்மேல் இருந்த கைகள் லேசாக அசைந்தன. அத்தை மாட் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். பெட்டியை மூடுகிற நேரமாகிவிட்டது, இப்போதாவது கையுறை போட்டுவிடலாமா என்று காதோடு கேட்டாள்.

"வேணாம். இருக்கட்டும்," என்றாள் வெர்னா. "என்ன செஞ்ச கைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு."

கல்லறையில் மார்ச் மாதக் காற்று பாதிரியாரின் சொற்களைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தது. கால்வின் டெட்மருக்கு ஒரு தாய் இருந்திருப்பாள் என்று வெர்னா நினைத்தாள். நெப்ராஸ்காவில் இன்னும் இருக்கலாம். அம்மாவோடு சேர்ந்து இத்தனை வருடம் எத்தனையோ பேரைச் சபித்தபோது, அந்தப் பையனுக்கு ஒரு பெயர் இருக்கும் என்றுகூடத் தோன்றியதில்லை. மண்ணை அள்ளிப் போடச் சொன்னார்கள். போட்டாள். சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

பிறகு சர்ச்சின் கீழ்க்கூடத்தில் சாப்பாடு. நீள மேஜைகளில் பன்றித்தொடைக் கறி, உருளைக்கிழங்கு சாலட், வெல்லப்பாகு ஊற்றிய பீன்ஸ். ஆஸ்கரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எம்மெட் கடைசி மேஜையின் ஓரத்தில் காலித் தட்டுகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிப் போகிறவர்கள் சற்று வளைந்து போனார்கள்.

வெர்னா ஒரு தட்டை எடுத்தாள். கறி, சாலட், பீன்ஸ், ஒரு துண்டுச் சோள ரொட்டி. எல்லாவற்றையும் வாரி வைத்து, எடுத்துப்போய் அவர் முன்னால் போட்டாள். போட்ட வேகத்தில் முள்கரண்டி துள்ளித் தரையில் விழுந்தது.

எம்மெட் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குனிந்து கரண்டியை எடுத்து, கைக்குட்டையில் துடைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அவள் எதிரிலிருந்த நாற்காலியை இழுத்தாள். உட்காரவில்லை. அதன் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் மென்று விழுங்குவதையே பார்த்தபடி நின்றாள்.