கோயில் நாள் மாத்திரை

வியாழக்கிழமைகளில் மூட்டுவாத நோயாளிகள் காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். விடியற்காலையில்தான் அவர்களுக்கு விரல்கள் மடங்காது, முட்டி நிமிராது. படுத்திருப்பதைவிட நடந்து வந்துவிடுவது மேல். டாக்டர் பத்தரைக்கு வருவார். ராயபுரத்தின் அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு அவர் கொடுத்திருந்தது வாரத்தில் இரண்டு மணி நேரம். அதற்குள் அறுபது பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம். மீதியெல்லாம் சாரா சிஸ்டர்தான்.

சாரா ஸ்டீல் பேசினில் வெந்நீர் ஊற்றி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, சிலுவையம்மாளின் கைகளை உள்ளே இறக்குவாள். விரலைப் பிடித்து இழுக்க மாட்டாள். மணிக்கட்டுக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கி, ஒவ்வொரு மூட்டாக நகர்த்துவாள். ஒரு கை இளக ஐந்து நிமிடம் ஆகும். சிலுவையம்மாள் காசிமேட்டில் இருபத்திரண்டு வருடம் ஐஸில் கைவிட்டு இறால் உரித்தவள். ஐஸால்தான் விரல் கோணிக்கொண்டது என்று நம்பினாள். உடம்பே தன் மூட்டைத் தின்கிற வியாதி இது என்று சாரா நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

டாக்டர் எழுதுகிற முக்கியமான மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டியது. தினமும் போட்டால் வாய் வெந்து, ரத்தம் குறைந்து, ஆளே போய்விடலாம். சீட்டில் அது ஆங்கிலத்தில் இருக்கும். வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழே படிக்கத் தெரியாது. அதனால் சாரா ஒவ்வொருவரிடமும் வாரத்தில் மறக்கவே மறக்காத நாள் எது என்று கேட்டு அதோடு மாத்திரையை முடிச்சுப் போட்டுவிட்டாள். வியாசர்பாடி பச்சையம்மாவுக்கு அம்மன் கோயில் செவ்வாய். ஃபிர்தௌஸுக்கு வெள்ளி. சிலுவையம்மாளுக்கு மாதா கோயிலில் நவநாள் செபம் நடக்கும் புதன்.

"கோயிலுக்குப் போய்ட்டு வந்தியா, ஒரு மாத்திர. கோயிலு இல்லாத நாளு தொடக்கூடாது. புரியுதாக்கா?"

"கோயிலு நாளு மாத்திர. இன்னா சிஸ்டர், பால்வாடி புள்ளைக்குச் சொல்ற மாரி சொல்லிகினுகீற."

"வர்றப்ப காலி அட்டைய எடுத்துனு வா. எண்ணிப் பாத்துட்டுதான் அடுத்தது."

நாலு வாரத்துக்கு நாலு மாத்திரை. அதற்கு மேல் கையில் கொடுக்க விடமாட்டாள். போன வருடம் ரம்ஜான் நோன்பு தொடங்குமுன் ஃபிர்தௌஸ் வீட்டுக்குப் போன் போட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தாள். இதற்கெல்லாம் ஒரு அறுபது பக்க நோட்டு வைத்திருந்தாள். யாருக்கு எந்த நாள், யாருக்கு எப்போது ரத்தப் பரிசோதனை, யாருடைய புருஷன் மாத்திரையைத் தூக்கி எறிகிறவன், எல்லாம் அதில் இருந்தது.

பொங்கல் முடிந்ததும் மேனேஜர் வெற்றி அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார். எண்ணூர் பக்கத்துக் கம்பெனிகள் தங்கள் ஆட்களை முழு உடல் பரிசோதனைக்கு அனுப்பத் தொடங்கியிருந்தன. சாரா திடமான ஆண்களின் இடுப்பை டேப்பால் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மேலே மூட்டுவாதப் பிரிவில் அவள் மேஜை இருந்த இடத்தில் டோக்கன் மிஷின் வந்தது. கூட்டத்தைக் குறைக்க, மருந்துக் கவுண்டரில் மூன்று மாத மாத்திரையை ஒரேயடியாகக் கொடுத்துவிடச் சொன்னார்கள்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்பு சாரா நோட்டை எடுத்துக்கொண்டு வெற்றியின் அறைக்குப் போனாள். நாற்பது நாள் தவக்காலம் வருகிறது, தினமும் கோயிலுக்குப் போவார்கள், பழக்கமெல்லாம் மாறும், பதினோரு பேரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், வியாழக்கிழமை அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டாள். பழைய ரெஜிஸ்டரில் இருந்த போன் நம்பர்கூட இப்போது டோக்கன் மிஷினில்தான் இருக்கிறது, அதையாவது எடுத்துத் தாருங்கள் என்றாள். வெற்றி நோட்டைத் திறக்கவில்லை.

"சிஸ்டர் வேல ஊசி போடுறது, பிபி பாக்குறது. பேசுறதுக்கெல்லாம் ஒரு ஆள வெச்சுக்க முடியாதும்மா. டாக்டர் சொல்றாரு, சீட்டுல எழுதுறாரு. அப்புறம் நீ எதுக்கு?"

முந்தைய வருடம் தவக்காலத்தில் சிலுவையம்மாள் வீட்டுப் படியைக்கூட இறங்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி ஸ்பீக்கரில் வந்த பூசையைக் கேட்டாள். இந்த வருடம் மாத்திரை வேலை செய்திருந்தது. முட்டி வீக்கம் வடிந்திருந்தது. நாற்பது நாளும் காலைப் பூசைக்கு நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். நடந்தும் போனாள். போய்விட்டு வந்து, ஒவ்வொரு நாளும், ஒரு மாத்திரை.

பதின்மூன்றாம் நாள் காலையில் அவள் புருஷன் இக்னேஷியஸ் அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தான். துறைமுகத்தில் கண்டெய்னர் கட்டுகிற ஆள். இரண்டு கைகளிலும் தூக்கி வார்டில் கிடத்தினான். கீழே கேள்விப்பட்டு சாரா டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்தாள். சிலுவையம்மாளின் உதடு வெடித்து, ஈறில் ரத்தம் கசிந்தது. காலில் செம்புள்ளிகள். நெற்றி கொதித்தது.

சாராவைப் பார்த்ததும் அவள் தலையணைக்கு அடியிலிருந்த மஞ்சப் பையைக் கண்ணால் காட்டினாள். உள்ளே காலி அட்டைகள். மூன்று மாதத்துக்கான பன்னிரண்டு குழியும் கிழிந்திருந்தன.

"நீ சொன்ன மாரி காலி அட்ட எட்த்தாந்துகீறேன், சிஸ்டர்." புண்ணில் நாக்கு படாமல் மெல்லப் பேசினாள். "பன்னெண்டு நாளு போனேன். ஒருநா கூட வுடல."

சாரா குழிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். இக்னேஷியஸ் கட்டிலைச் சுற்றி வந்தான்.

"மூணு மாசத்துத எவன் ஒண்ணா குட்த்தான்? இவ மாத்திரைய எண்ணிப் பாக்க ஒரு நாதி இல்லியா இங்க?"

டியூட்டி டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும், இங்கே வைத்திருக்க முடியாது, உடனே அரசு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார். மாத்திரையின் விஷத்தை முறிக்கிற மருந்து அங்கே ஏற வேண்டும், மணிக்கணக்கில் தாமதிக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. ஆனால் அனுப்புகிற கடிதத்தில் மேனேஜர் சீல் வைக்க வேண்டும்.

வெற்றி கடிதத்தோடு இன்னொரு தாளையும் மை ஒற்றும் பெட்டியையும் எடுத்து வந்தார். இந்தத் தாளில் நோயாளியின் ரேகை விழுந்ததும் கடிதத்தில் சீல் விழும் என்றார். நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றான் இக்னேஷியஸ். நோயாளிதான் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவன் வாசலில் நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்தான். சுவரில் சாய்ந்தான்.

வெற்றி சிலுவையம்மாளின் கட்டைவிரலைப் பிடித்து நிமிர்த்தினார். அது நிமிரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள்.

"விடுங்க சார்," என்றாள் சாரா. "அப்படி இழுத்தா வராது."

அவர் விட்டார். தாளை அவளிடமே நீட்டினார்.

சாரா படித்தாள். நான்கே வரி. செவிலியர் சாரா, கோயிலுக்குப் போகும் நாளெல்லாம் மாத்திரை போடும்படி தன்னிச்சையாகச் சொன்னதால் நான் தினமும் போட்டேன். டாக்டர் மீதும் மருத்துவமனை மீதும் எனக்குப் புகார் இல்லை. மேற்படி செவிலியர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.

"இன்னா எழுதிக்கீது சிஸ்டர்?"

சாரா கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற பேப்பர்க்கா."

வெந்நீர் கேட்டு வாங்கினாள். பஞ்சை நனைத்து, கட்டைவிரல் மூட்டைச் சுற்றி வைத்தாள். மணிக்கட்டுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். வெற்றி செல்போனில் மணி பார்த்தார். விரல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அதை மையில் ஒற்றி, தாளில் இறக்கி, பக்கவாட்டில் உருட்டி எடுத்தாள். சிலுவையம்மாள் முகம் சுளிக்கவில்லை.

வெற்றி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ரேகை சரியா விழல. இன்னொரு தடவ வைங்க."

சாரா புதுப் பஞ்சை எடுத்து அந்த விரலிலிருந்த மையைத் துடைத்தாள். மறுபடியும் மணிக்கட்டுக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.