அவருடைய ஞாயிறு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய மெஷினுக்கு இரண்டு பேர் வேண்டும். விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒரு பக்கம் பதினெட்டு வருஷமாக அவர்தான். மறுபக்கத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தார். கூடத்தில் எல்லோருக்கும் அந்தப் பெண் அக்கா. அக்காவுக்கு இவர் அண்ணன்.

அவர் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இதே மருத்துவமனையில், மூன்றாம் மாடியில். அவள் கிடந்த கட்டிலின் விரிப்பும் இந்த மெஷினுக்குள் போய் வந்திருக்கும். எது என்று தெரியாது. அதை நினைத்து அவருக்கு எதுவும் ஆகவில்லை. பசித்தால் சாப்பிட்டார், நேரமானால் வேலைக்கு வந்தார்.

வார விடுமுறை இருவருக்கும் சனியும் ஞாயிறுமாக மாறி மாறி வரும்; ஒருவர் இல்லாத நாளில் துணி மடிக்கிறவர் மெஷினுக்கு வந்து நிற்பார். அக்கா முதல் வாரமே கேட்டுவிட்டார்.

“அண்ணே, எங்க சபையில சனிக்கிழமைதான் ஓய்வுநாள். அன்னைக்கு நான் வேலை செய்யமாட்டேன். உங்களுக்கு ஞாயிறுதானே ஆராதனை? என் சனிக்கிழமையை நீங்க பாருங்க, உங்க ஞாயித்துக்கிழமையை நான் பாக்குறேன்.”

“சரிம்மா.”

துணி மடிக்கிறவர் மேசையிலிருந்து குரல் கொடுத்தார். “அண்ணனுக்குச் சனி பிடிச்சிருச்சுடோய்!”

“பிடிச்சா லேசுல விடாதுண்ணே,” என்று அக்காவும் சிரித்தார்.

அவர் மனைவி கோயிலில் பாடகர் குழுவில் பாடியவள். அவள் போன பிறகு அவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிறு முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். இதை அக்காவிடம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை, சொல்லத் தோன்றவில்லை.

சலவை வண்டி ஓட்டுபவன் அவருடைய மச்சினன். ஒருநாள் மூட்டை இறக்கும்போது வாய் தவறி உளறிவிட்டான். “மாமா கோயிலுக்கு எங்க வர்றாரு? எங்கக்கா செத்துப் போனதோட சரி.”

சூப்பர்வைசர் காதில் அது விழுந்தது. அந்த வாரம் விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. நேராக மெஷினுக்கு வந்தார்.

“ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. இவரு சும்மா வீட்டுலதானே படுத்துக் கிடக்குறாரு.”

அவர் தலையாட்டப் போனார். அக்கா முந்திக்கொண்டார்.

“அது அவரோட ஓய்வுநாள் சார்.”

“உனக்கு ஞாயிறு ஓய்வுநாளே கிடையாதேம்மா!”

“எனக்குக் கிடையாது. அவருக்கு உண்டு. கூட ரெண்டு மணி நேரம் நான் நின்னு முடிச்சுக் குடுக்குறேன்.”

சூப்பர்வைசர் முனகிக்கொண்டே போய்விட்டார்.

இருவரும் அடுத்த விரிப்பை உருளைக்குள் விட்டார்கள். பிறகு அவர் சொன்னார். “மச்சினன் சொன்னது நிஜம்தான். நான் போறதில்லம்மா. நீ வீணா என் வேலையைச் சுமக்குற.”

“போறதும் போகாததும் உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவுல. என் சனிக்கிழமையை நீங்க ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்கத் தோணல. அவ்வளவுதான்.”

“கேட்டவங்க கேட்ட கேள்வி எனக்குத்தான் தெரியும். பழைய இடத்துல வேலையை விட்டதே அதனாலதான்.”

அந்த ஞாயிறு அவர் முகச்சவரம் செய்தார். சட்டையை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மனைவி நின்ற இடத்தில் வேறொரு பெண் நின்று பாடினாள். நெஞ்சு அடைக்கும் என்று காத்திருந்தார். அடைக்கவில்லை. எல்லோரும் எழுந்தபோது எழுந்தார். வாசலில் போதகர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். வீட்டுக்கு வந்து தூங்கினார்.

திங்களன்று அக்கா எதுவும் கேட்கவில்லை. மதியம் அவராகவே சொன்னார். “நேத்து போனேன்.”

“ம்.”

“உள்ள ஒண்ணுமே ஆகலம்மா.”

“சரிண்ணே,” என்றார் அக்கா. பிரசங்கம் எதுவும் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறும் அவர் போனார். அதற்கு அடுத்த ஞாயிறு போகவில்லை. இரண்டு நாளும் அக்கா அவருக்குப் பதிலாக வேலைக்கு வந்திருந்தார்.