கன்னத்தில் உறுத்தாத பலகை

எங்கள் பள்ளியின் மேல்மாடி வகுப்பில், கூரைக்கும் மரத்தட்டிக்கும் நடுவே வௌவால்கள் குடியிருந்தன. கட்டைவிரல் அளவு உடம்பு, பூச்சி தின்னும் ரகம். கூரையைப் பிரித்து மாற்றப் போவதாகத் தலைமையாசிரியர் அறிவித்ததும், அறிவியல் டீச்சர் ஏழாம் வகுப்பைக் கிளப்பிவிட்டார். பிள்ளைகள் சாயங்காலங்களில் நின்று எண்ணினார்கள். நாற்பத்தொன்று. அத்தனைக்கும் வேறு வீடு கட்டித் தராமல் விடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். வீடு என்றால் மரப்பெட்டி. மரம் என்றால் நான், மரவேலை வாத்தியார்.

பெட்டி எளிதுதான். இரண்டு பலகை, நடுவே இரண்டு விரல் இடைவெளி, அடியில் திறப்பு. ஆனால் என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கன்னத்தில் வைத்தால் உறுத்தாத பலகைக்குத்தான் மதிப்பெண். பதினெட்டு வருடமாக எல்லோர் பலகையையும் என் கன்னத்தில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

உள்பலகை 'நைநை'யிடம் போனது. கேள்வி கேட்டே ஆளைக் கரைப்பவள் என்பதால் அந்தப் பெயர். அவள் நீட்டிய பலகை என் கன்னத்தைப் பிறாண்டியது. தேய்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

"வழவழன்னு இருந்தா எதைப் புடிச்சுத் தொங்கும் சார்?"

அது வௌவாலின் கவலை என்றேன். வகுப்பே சிரித்தது. அவளுக்கு முட்டை போட்டுவிட்டு, நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷும் அடித்தேன். பலகையில் முகம் பார்க்கலாம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டியைச் சுவரில் உயரமாக மாட்டினோம். ஒரு மாதம் ஈ காக்கை அண்டவில்லை. கூரை பிரிக்க இரண்டு நாள் இருக்கையில், ஒரு வௌவால் பெட்டிக்குள் நுழைந்தது. நுழைந்த வேகத்தில் சறுக்கி வெளியே விழுந்து, பாதி வழியில் சிறகை விரித்துப் பறந்துபோனது. எல்லோரும் பார்த்தார்கள். நைநை என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே ஏணி போட்டுப் பெட்டியை இறக்கினேன். வார்னிஷைச் சுரண்டி, உளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, திரும்ப மாட்டினேன். அதற்கடுத்த நாள் ஆட்கள் வந்து கூரையைப் பிரித்தார்கள். வௌவால்கள் சிதறிப்போயின.

ஒன்பதாம் நாள் பெட்டிக்கு அடியில், சுவரோரம் கறுப்பாக எச்சம் கிடந்தது. வெள்ளையடித்த சுவர் போச்சே என்று தலைமையாசிரியர் புலம்பினார். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீறல்களைப் பற்றிக்கொண்டு வௌவால்கள் தொங்கின.

பதிவேட்டில் முட்டையை அடித்து முழு மதிப்பெண் போட்டு, நைநையை வகுப்புக்கு வெளியே கூப்பிட்டுக் காட்டினேன்.

"உன் பலகைதாம்மா சரி."

"தெரியும் சார்," என்றாள். பதிவேட்டை அவள் பார்க்கவில்லை. "உள்ள எத்தனை இருக்கு?"

"ஆறு."

"அப்போ மிச்சம் முப்பத்தஞ்சு?"

பதிவேட்டை மூடினேன்.