துண்டுக்குள் சொம்பு

"கோயிலுக்கு மூட்டை அரிசியே அனுப்பறன்னு சொல்றன்..."

"மூட்டைய யாரு கேட்டது..."

"நல்ல பொன்னி அரிசி ராஜி, கல்லு இல்லாதது..."

"சாமி உங்களக் கூப்பிடுதுங்க. மூட்டைய இல்ல."

புரட்டாசிக் கடைசி சனிக்கிழமை. சென்னகிருஷ்ணன் வீட்டில் இன்னும் அடுப்பு பற்றவைக்கவில்லை. வீட்டு ஆண்பிள்ளை மூன்று வாசலில் "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்கி வரவேண்டும். அதை வீட்டு அரிசியோடு கலந்து பொங்கிப் பெருமாளுக்குப் படைப்பார்கள். சூளகிரியில் ராகி விதைத்த காலமெல்லாம் தவறாமல் நடந்தது. நிலம் தொழிற்பேட்டைக்குப் போய், மாடிவீடும் பின்னால் வரிசையாக வாடகை வீடுகளும் வந்தபின் கோயிலுக்கு மூட்டைதான் போயிற்று.

"சுத்தி இருக்கிறது பூரா நம்ம குடித்தனக்காரங்க. அவங்க வாசல்ல கையேந்தினா நாளைக்கு எவன் மதிப்பான்?"

"ராகி காஞ்ச வருசம் ஏந்தினீங்களே."

"அப்ப இல்ல, ஏந்தினேன்."

"நல்லா வெளஞ்ச வருசமும்தான் ஏந்தினீங்க. நம்மளுது ஒண்ணுமில்ல, பெருமாள் போட்டதுன்னு சொல்லத்தான் ஏந்தினது. இப்ப எல்லாம் உங்களுதா ஆயிடுச்சா? எனக்கு பயமா இருக்குதுங்க. இந்த வீட்டுல சோறு எறங்கல."

ராஜலட்சுமியின் குரல் உடைந்தது. சென்னகிருஷ்ணன் நாமமிட்ட பித்தளைச் சொம்பை எடுத்தார். படியிறங்கும்போதே துண்டால் மூடிக்கொண்டார்.

"மூடாதீங்க."

"வரன்ல? விடு."

முதல் வாடகை வீட்டு வாசல். 'கோவிந்தா' தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. வாய் பழகிய வார்த்தைதான் வெளியே வந்தது.

"யாரு உள்ள?"

உள்ளே டிவி சட்டென்று அணைந்தது. இடுப்பில் குழந்தையோடு பொற்கொடி ஓடிவந்தாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். கணவனுக்குத் தொழிற்சாலையில் வேலை.

"மோட்டார் நான் போடலீங்க சார்."

"அது இல்லம்மா..."

"மொட்டமாடியில துணி காயப்போட்டதும் நாங்க இல்லீங்க. அவுக நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் படுத்தாக, எழுப்பவா சார்?"

"வேணாம், வேணாம்."

துண்டுக்குள் சொம்பு வியர்வையில் வழுக்கியது. பின்னால் கேட்டருகே நின்ற ராஜலட்சுமி மெதுவாகச் சொன்னாள்:

"கூப்பிடுங்க. ஒரு தடவ, வாய்விட்டுக் கூப்பிடுங்க."

அவர் உதடு அசைந்தது. பொற்கொடி அவர் முகத்தையே பார்த்தாள். குழந்தையின் தலையைத் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

"வீட்டக் காலி பண்ணச் சொல்லத்தான் வந்தீகளா சார்?"